ஐம்பது வகைச் சாப்பாடும் ஆயாவின் கைப்பையும்!



எங்கள் அம்பத்தூர், ஆவடிப் பக்கத்தில் இப்போது ஒரு புதுப் பேச்சு கிளம்பியிருக்கிறது. முன்பெல்லாம் கல்யாண நாள், அறுபதாம் கல்யாணம் என்றால் திருப்பதி, இல்லாவிட்டால் ஊட்டி. இப்போது "கப்பல்ல போகலாமா?" என்கிறார்கள். 2022 ஜூன் 4-ஆம் தேதி சென்னைத் துறைமுகத்திலிருந்து 'எம்பிரஸ்' என்ற சுற்றுலாக் கப்பலை முதலமைச்சர் ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பி வைத்தார் அல்லவா, அதிலிருந்து பிடித்த ஆசை இது. மறு வருடம் ஜூனில் அதே கப்பல் இலங்கைக்கும் போனது. ஆவடியில் இருக்கும் என் சிநேகிதி விசாகப்பட்டினம் வரை போய் வந்து, "சாப்பாட்டுக்குக் கவலையே இல்லைடி, இட்லி சாம்பார் எல்லாம் இருந்தது" என்றாள். நம் ஊர் ஜனங்களை ஏற்றிக்கொண்டு போகிற கப்பல், அதனால் அப்படி. ஆனால் பிள்ளைகள் சிங்கப்பூர், துபாய் என்று இருக்கிற வீடுகளில் அங்கிருந்து கிளம்பும் வெளிநாட்டுக் கப்பலில்தான் டிக்கெட் போடுகிறார்கள். அதில் போகும் பெரியவர்களுக்கு வரும் கஷ்டத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

எங்கள் வீட்டுக்காரருக்கு அறுபது முடிந்தது. பெரியவன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். "அப்பா, அம்மா, ஆயா மூணு பேரும் வாங்க, நாலு நாள் கப்பல்ல போயிட்டு வரலாம்" என்று 2023 டிசம்பரில் கூப்பிட்டான். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டுத் திரும்ப சிங்கப்பூர். என் மாமியாருக்கு எழுபத்தெட்டு வயது. திருமழிசையில் பிறந்து, அம்பத்தூருக்கு வாழ்க்கைப்பட்டவர். அவர் பார்த்த அதிகபட்சத் தண்ணீர் செம்பரம்பாக்கம் ஏரிதான். கப்பல் என்றதும் சின்னக் குழந்தை மாதிரி ஆகிவிட்டார்.

கப்பல் கம்பெனியின் பெயரை எழுதவில்லை. குறை சொல்வதற்காக எழுதும் கடிதம் இல்லை இது. உண்மையைச் சொன்னால், அங்கே இல்லாத பதார்த்தம் இல்லை. ஒரு பெரிய கல்யாண மண்டபம் மாதிரி சாப்பாட்டுக் கூடம். ரொட்டியில் மட்டும் பத்துப் பன்னிரண்டு வகை. பழம் ஒரு பக்கம், கேக் ஒரு பக்கம், மீன், இறைச்சி, நூடுல்ஸ், சாலட்... பார்த்துக்கொண்டே நடந்தால் கால் வலிக்கும். காலை ஆறு மணிக்குத் திறந்தால் நடுராத்திரி வரை ஏதாவது ஒன்று கிடைத்துக்கொண்டே இருக்கும். முதல் நாள் எனக்கே பிரமிப்பு. 'அப்பாடா, நாலு நாள் அடுப்பு பக்கம் போக வேண்டாம்' என்ற சந்தோஷம் வேறு. குடும்பத் தலைவிகளுக்குத் தெரியும், அதைவிட பெரிய சுற்றுலா எது!

இரண்டாம் நாள் மத்தியானமே நாக்கு தேட ஆரம்பித்துவிட்டது. எதைத் தேடுகிறது என்று யோசித்தால் சிரிப்பாக வரும். பிரியாணியும் இல்லை, பாயசமும் இல்லை. கடுகு தாளிக்கிற வாசனை! நாலு நாளும் ஒரு இடத்தில்கூட எண்ணெயில் கடுகு வெடிக்கிற சத்தம் கேட்கவில்லை. 'இண்டியன்' என்று பலகை வைத்த இடத்தில் குழம்பு இருந்தது. வடநாட்டுப் பாணியில் கிரீம் ஊற்றி, இனிப்பாக. புளிப்பு என்று ஒன்று இருப்பதே அந்தச் சமையல்காரருக்குத் தெரியாது போல. சோறும் இருந்தது. தாய்லாந்து மல்லிகை அரிசி. ஒட்டிக்கொண்டு வாசனையாக இருக்கும். என் மாமியார் ஒரு வாய் வைத்துவிட்டு, "இன்னா கண்ணு இது, சென்ட் போட்ட சோறு?" என்றார். நம் புழுங்கல் அரிசி நெல்லாக இருக்கும்போதே அவித்துக் காய வைத்துக் குத்துவது. அதனால் பருக்கை விறைப்பாக நிற்கும், குழம்பைக் குடிக்கும். அது பழகிய நாக்குக்கு மற்றது பலகாரம் மாதிரிதான் தெரியும், சோறாகத் தெரியாது.

காப்பியைப் பற்றி எழுதப் போனால் தனிக் கடிதம் ஆகிவிடும். பொத்தானை அமுக்கினால் ஏழெட்டு விதமாகக் கொட்டுகிறது. ஒன்றிலும் டிக்காஷன் வாசனை இல்லை. எங்கள் தெருவில் விடிகாலை நாலரைக்கு ஆவின் பாக்கெட் வந்துவிடும். அந்தப் பாலைப் பொங்கக் காய்ச்சி, முதல் டிக்காஷனில் ஊற்றி, கொஞ்சம் சிக்கரி கலந்த பொடியில் நுரை பொங்க ஆற்றிக் குடித்தவர்களுக்கு அந்த மெஷின் தண்ணீர் இறங்குமா? எங்கள் வீட்டுக்காரர் மூன்று கப் வாங்கி மூன்றையும் அப்படியே வைத்துவிட்டு, "டீயே பரவாயில்லை" என்று முடித்துக்கொண்டார். தயிர் இருந்தது, கெட்டியாக, பழத்துண்டு போட்டு, இனிப்பாக. மோர் கிடையாது.

இதெல்லாம் எங்களுக்கு ஒரு வேடிக்கை. என் மாமியாருக்கு அப்படி இல்லை.

அவர் மேஜையில் எங்களோடு உட்காருவார். தட்டில் ரொட்டி, பழம், முட்டை என்று ஏதாவது இருக்கும். "சாப்பிடுங்க அத்தை" என்றால், "சாப்பிடறேன் கண்ணு, நீ சாப்பிடு" என்பார். எழுந்திருக்கும்போது தட்டு காலியாக இருக்கும். பேரன், "பாருங்கம்மா, ஆயாவே பழகிட்டாங்க, நீங்கதான் குறை சொல்றீங்க!" என்று என்னைக் கிண்டல் பண்ணினான்.

பினாங்கிலிருந்து கப்பல் கிளம்பிய அன்று ராத்திரி. மணி இரண்டு இருக்கும். நானும் அவரும் ஒரே அறை. ஏதோ முனகல் கேட்டு விளக்கைப் போட்டேன். முகமெல்லாம் வியர்வை, ரவிக்கை நனைந்து கிடக்கிறது. ஏ.சி. ஓடும் அறையில்! கை நடுங்குகிறது. "கூழ் ஊத்த வரிசை வந்துடுச்சா?" என்று சம்பந்தம் இல்லாமல் கேட்டார். அவருக்கு இருபது வருடமாகச் சர்க்கரை. எங்கள் வீட்டுக்காரருக்கும் உண்டு என்பதால் விரலில் குத்திப் பார்க்கும் கருவி எப்போதும் பையில் இருக்கும். பார்த்தால் 54. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து என்று எங்கள் டாக்டர் சொல்லியிருக்கிறார். அறையில் டீ போட வைத்திருந்த சர்க்கரைப் பொட்டலங்களில் மூன்றைப் பிரித்துத் தண்ணீரில் கரைத்து, தலையைத் தூக்கிப் பிடித்து, நினைவு இருக்கிறதா, விழுங்குகிறாரா என்று பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பார்த்தால் 76. அதற்கப்புறம் நாலு பிஸ்கட். அந்தப் பதினைந்து நிமிடம் சுற்றிலும் கருங்கடல், கரை எந்தப் பக்கம் என்றே தெரியாது. அம்பத்தூராக இருந்தால் தெரு முனையில் ஆஸ்பத்திரி.

விடிந்ததும் முகம் துடைக்கத் துண்டு எடுக்க அவர் கைப்பையைத் திறந்தேன். உள்ளே காகிதக் கைத்துண்டில் சுற்றிச் சுற்றி வைத்த ரொட்டி, பன், அவித்த முட்டை இரண்டு, ஒரு துண்டு கேக்... தட்டில் போட்டதெல்லாம் பையில்தான் போயிருக்கிறது. ஒன்றரை நாளாக அவர் சாப்பிட்டது வாழைப்பழமும் டீயும்தான். ஆனால் சர்க்கரை மாத்திரையை மட்டும் வேளை தவறாமல் போட்டிருக்கிறார்!

"ஏன் அத்தை இப்படி?" என்றேன். "புள்ள இவ்ளோ பணம் செலவு பண்ணி இட்டாந்திருக்கான். அம்பது தினுசு சாப்பாடு இருக்கிற எடத்துல போயி எனக்குக் கஞ்சி வேணும்னு எப்படிக் கேக்கறது? கேட்டா அவன் மனசு நோவாதா? எந்தக் கரண்டி எந்தக் கறியில போச்சோன்னு ஒரு ஒவ்வாமை. நாலு நாளுதானே, ஓட்டிடலாம்னு பார்த்தேன்" என்றார். அவர் கறி மீன் சாப்பிடுகிறவர்தான். மாட்டுக்கறி மட்டும் ஆகாது. எது எது என்று தெரியாததால் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டார். பேரன் அந்தக் கைப்பையைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வெளியே போனான். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணெல்லாம் சிவந்து வந்தான்.

கப்பல் டாக்டர் வந்து பார்த்தார். சில வகைச் சர்க்கரை மாத்திரைகள் வயிற்றில் சாப்பாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் தன் வேலையைச் செய்துவிடும், அதனால் சாப்பிடாமல் அதைப் போடக் கூடாது என்று சொன்னார். எந்த மாத்திரை அப்படி, சாப்பிட முடியாத நாளில் என்ன செய்வது என்று கிளம்புவதற்கு முன்பே நம் ஊர் டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது. கப்பலில் டாக்டர் வந்தால் அதற்குத் தனி பில். நல்ல வேளை, பையன் பயண இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தான்.

இப்போது கேளுங்கள் வேடிக்கையை. அன்று காலை அவருக்கு என்ன கொடுப்பது என்று நானே சாப்பாட்டுக் கூடம் முழுக்க ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்த்துக்கொண்டு போனேன். சீனர்களுக்கான மூலையில் ஒரு பெரிய பாத்திரம். 'காங்கீ' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. திறந்தால்... கஞ்சி! சாட்சாத் நம்ம வீட்டு அரிசிக் கஞ்சி, குழையக் காய்ச்சி, ஆவி பறக்க. பக்கத்தில் தொட்டுக்கொள்ள வறுத்த வேர்க்கடலை, இஞ்சி, வெங்காயத் தாள், பொரித்த வெங்காயம். "இதில் கோழிச்சாறு ஊற்றுகிறீர்களா?" என்று பையனை விட்டுக் கேட்டேன். "இது வெறும் அரிசியும் தண்ணீரும்தான், இறைச்சி போட்டது அடுத்த பாத்திரம்" என்றார்கள். கப்பல் கிளம்பின நாளிலிருந்து தினமும் காலையில் அது அங்கேதான் இருந்திருக்கிறது!

'காங்கீ' என்ற ஆங்கில வார்த்தையே நம் 'கஞ்சி'யிலிருந்து போனதுதானாம். போர்த்துக்கீசியர்கள் நம் கரையில் கேட்டு எடுத்துப்போய், அவர்கள் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது என்று என் பையன் அகராதியில் காட்டினான். சீனர்கள் அவர்கள் பாஷையில் வேறு பெயர் சொல்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் அதற்கு நம் பெயரை வைத்துவிட்டார்கள். இதே கதைதான் 'மல்லிகடானி சூப்'பும். நம் மிளகுத் தண்ணீர்! அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரைகள் சென்னையில் குடித்துப் பழகி, சீமைக்குப் போன பிறகு ஏங்கி, அங்கே கறியும் வேறு சாமானும் போட்டு ஆளையே மாற்றிவிட்டார்கள். ஏக்கம் நமக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள்.

கஞ்சியில் உப்புப் போட்டு, நான் வீட்டிலேயே வறுத்து எடுத்து வந்திருந்த மோர்மிளகாயை ஒடித்துப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு கிண்ணம் குடித்தார். "ஆடிக்கூழ் ருசி வராது. ஆனா நல்லாத்தான் இருக்கு" என்றார். ஆடி மாதம் திருவேற்காட்டுப் பக்கம், திருமுல்லைவாயல் பக்கம் எல்லாம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைத்து, நொய்யரிசி போட்டுக் காய்ச்சி, மறுநாள் மோர் ஊற்றி, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டு, முருங்கைக்கீரைப் பொரியலோ கருவாட்டுக் குழம்போ வைத்துக்கொண்டு... ராத்திரி நினைவு தப்பும்போதுகூட அந்த வரிசையைத்தானே கேட்டார்!

இந்த விஷயம் மனசில் ஊறினதால் ஊருக்கு வந்தபிறகு கொஞ்சம் படிக்க ஆரம்பித்தேன். கப்பலில் போய்ச் சாப்பாட்டுக்குத் திண்டாடியது எத்தனை பெரிய மனிதர்கள் தெரியுமா? 1888 செப்டம்பரில் பம்பாயிலிருந்து கப்பல் ஏறிய காந்தியடிகளே அப்படித்தான். முள்கரண்டி பிடிக்கத் தெரியாது, எதில் இறைச்சி இருக்கிறது என்று கேட்கக் கூச்சம். சாப்பாட்டு மேஜைக்கே போகாமல், கொண்டுபோன இனிப்பையும் பழங்களையும் அறையிலேயே சாப்பிட்டுக் காலம் தள்ளினேன் என்று தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பத்தொன்பது வயதுகூட நிரம்பாத பையன் அப்போது. வயது வேறு, காலம் வேறு. ஆனால் கூச்சம் என் மாமியாருக்கு வந்த அதே கூச்சம்தான். கணித மேதை ராமானுஜன் 1914 மார்ச் 17-ஆம் தேதி நம் சென்னையில் கப்பலேறி லண்டன் போனார். கேம்பிரிட்ஜில் கல்லூரிச் சாப்பாட்டை நம்பாமல் தானே பொங்கித் தின்றார். ஊரிலிருந்து பார்சலில் சாமான் வரவேண்டும். போன சில மாதத்தில் உலக யுத்தம் வேறு வந்துவிட்டது. அவர் கணக்கு எனக்குப் புரியாது. தனி அறையில், குளிரில், ஒருத்தனாக ரசம் வைத்துக் குடித்த அந்தப் பிள்ளையை நினைத்தால் மட்டும் வயிறு என்னவோ செய்கிறது.

அதற்கும் முன்னால் போனவர்கள் கதை இன்னும் கொடுமை. 1860-இல் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு தென் ஆப்பிரிக்கா போனது. நவம்பர் 16-ஆம் தேதி டர்பனில் இறங்கியவர்கள் 342 பேர். பெண்களும் குழந்தைகளும் அதில் உண்டு. ஒரு மாதத்துக்கு மேல் கடலில். இன்றைக்கும் டர்பனில் நம் ஜனங்களின் வீட்டில் குழம்பும் ஊறுகாயும் மணக்கிறது என்றால், அன்றைக்குப் போன பெண்கள் அந்தக் கைப்பக்குவத்தை விடாமல் பிடித்துக்கொண்டதால்தான். எந்தச் சரித்திரப் புத்தகத்தில் அவர்கள் பெயர் இருக்கிறது?

நம் ஊரில் வயதானவர்களுக்கு 'ரஜூலா' கப்பல் ஞாபகம் இருக்கும். 1926-இல் ஓட ஆரம்பித்து 1973 வரை சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்கு, சிங்கப்பூருக்கும் போய் வந்த கப்பல். என் மாமியாரின் பெரியப்பா மகன் அதில்தான் பினாங்கு போனாராம். "தகர டின்னுல முறுக்கு, ஜாடியில ஊறுகா, துணி மூட்டையில அவல். எங்க பெரியம்மா கப்பல் வரைக்கும் போயி அழுதுட்டு வந்தாங்க" என்பார். பினாங்கில் எங்களை இறக்கிவிட்டபோது லிட்டில் இந்தியாத் தெருவில் நின்று அவர் அந்த அண்ணனைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். அன்று அங்கே ஒரு ஓட்டலில் வாழையிலை போட்டுச் சோறு போட்டார்கள். அதில் நாலு கவளம் சாப்பிட்டிருந்தால் ராத்திரி அந்தப் பயம் வந்திருக்காது. 'கப்பல்லதான் எல்லாம் ஓசின்னாங்களே, இங்க எதுக்குக் காசு' என்று அங்கும் டீயோடு நிறுத்திக்கொண்டார். நம் பெரியவர்களின் சிக்கனம் இருக்கிறதே!

எங்கள் மேஜைக்குத் தண்ணீர் ஊற்றிய பையன் நம் தமிழ்நாட்டுக்காரன்தான். ராமநாதபுரம் பக்கம். மூன்றாம் நாள் நாங்கள் கஞ்சி கேட்டு அலைவதைப் பார்த்துத்தான் அவனாக வந்து தமிழில் பேசினான். "ஆச்சிக்கு வெறும் சோறும் உப்புப் போட்ட தயிரும் நான் கொண்டாந்து தரேன்" என்றான். அதற்கப்புறம் இரண்டு வேளையும் கொண்டு வந்தான். கீழ்த்தளத்தில் வேலைக்காரர்களுக்கு என்று தனிச் சாப்பாட்டு அறை உண்டாம். இந்தியர்கள் நிறைய இருப்பதால் அங்கே தினமும் சோறு, பருப்பு, குழம்பு. மேலே லட்சம் கொடுத்து வந்தவருக்குக் கிடைக்காத பருப்புக் குழம்பு கீழே கொதிக்கிறது! அவனுக்கு எட்டு மாத ஒப்பந்தம், ஆறு மாதம் ஓடிவிட்டது. "உனக்கு எதுப்பா ஏக்கம்?" என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. "கல்லுலேர்ந்து நேரா தட்டுக்கு வர்ற தோசைம்மா. கீழே எல்லாம் மொத்தமா செஞ்சு வெச்சிருப்பாங்க. 'இன்னொண்ணு போடவா?'ன்னு கேக்க ஆள் இருக்காது" என்றான்.

அந்தப் பிள்ளை சொன்னதற்குப் பிறகு எனக்கு அந்த ஐம்பது வகையைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

சரி, போகிற சகோதரிகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். 'வீட்டில் புளிச்சாதம் கிளறி எடுத்துப் போகலாமா?' என்று கேட்பீர்கள். பெரும்பாலான கப்பல்களில் வீட்டில் சமைத்த சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள். கோபப்பட வேண்டாம். ஆயிரக்கணக்கான பேர் ஒரே கூரைக்குக் கீழே இருக்கும் இடம். ஒருவருக்கு வாந்தி, பேதி கிருமி வந்தால் மளமளவென்று கப்பல் முழுக்கப் பரவிவிடும். கம்பெனி சீல் வைத்த பாக்கெட் என்றால் அநேகமாக விடுகிறார்கள். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் எல்லாம் இப்போது அப்படிக் கிடைக்கிறதே. எங்கள் மோர்மிளகாய்கூடக் கடையில் வறுத்துச் சீல் வைத்துக் கொடுத்ததாக இருந்தால் இன்னும் நிம்மதி. சோதனையில் அந்த அம்மாள் அதை இரண்டு முறை மோந்து பார்த்துத் தும்மிவிட்டுத்தான் விட்டாள்! ஊறுகாயை விமானத்தில் கைப்பையில் வைக்காதீர்கள். இரட்டை உறை போட்டுப் பெட்டியில் வையுங்கள்.

இன்னொன்று, மிக முக்கியம். சிங்கப்பூர் வழியாகப் போகிறவர்கள் கசகசாவை மறந்தும் எடுத்துப் போகாதீர்கள். நமக்கு அது குருமாவில் அரைக்கும் சாமான். அங்கே அது தடை செய்யப்பட்ட பொருள். துபாய் பக்கமும் அப்படித்தான். வீட்டில் அரைத்த மசாலாப் பொடியில் சேர்த்திருந்தாலும் வம்புதான்.

மின்சார அடுப்பு, தண்ணீர் காய்ச்சும் கம்பி, இஸ்திரிப் பெட்டி இவையும் கூடாது. நடுக்கடலில் தீப்பிடித்தால் எங்கே ஓடுவது? அறையிலோ சாப்பாட்டுக் கூடத்திலோ வெந்நீர் கிடைக்கும். அவலை அதில் ஊறவைத்து உப்பு, தயிர் சேர்த்துக் கொடுத்தால் பெரியவர்களுக்கு ஒரு வேளை ஓடிவிடும். இஞ்சி மரப்பா ஒரு பொட்டலம் இருக்கட்டும். கப்பல் ஆட்டத்தில் குமட்டல் வந்தால் வாயில் அடக்கிக்கொள்ளலாம். கரை இறங்கும்போது கப்பல் பழத்தைப் பையில் போட்டுக்கொண்டு இறங்காதீர்கள். பல நாடுகளில் அதற்கே அபராதம் போடுகிறார்கள்.

டிக்கெட் போடும்போதே 'சைவம், மாட்டுக்கறி கூடாது, சர்க்கரை வியாதி உண்டு' என்று எழுதிக் கொடுக்க இடம் இருக்கும். பிள்ளைகள்தான் கம்ப்யூட்டரில் பதிவு செய்கிறார்கள். அவர்களுக்கு அது தோன்றாது, நாம்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். ஏறிய முதல் நாளே பரிமாறும் தலைவரைப் பார்த்து ஒருமுறை சொல்லிவிட்டால் ராத்திரிச் சாப்பாட்டுக்கே தனியாகச் செய்து தருகிறார்கள். மூன்றாம் நாள் நாங்கள் கேட்டபோது அவர், "முதல் நாளே சொல்லியிருந்தால் பருப்புச் சாதம் செய்து கொடுத்திருப்போமே" என்று எங்களைத்தான் கேட்டார்.

பெரியவர்கள் தட்டைப் பார்க்காதீர்கள், வாயைப் பாருங்கள். தட்டு காலியானால் சாப்பிட்டார்கள் என்று அர்த்தம் இல்லை என்பது எங்கள் வீட்டில் இப்போது பழமொழியாகிவிட்டது. வீட்டில் விசேஷ நாளில் யாராவது அவசரமாகச் சாப்பிட்டு எழுந்தால், "ஆயா பை எங்கே?" என்று பேரன் கேட்கிறான். அவரும் சேர்ந்து சிரிக்கிறார்.

பையன் அடுத்து கொச்சியிலிருந்து லட்சத்தீவு போகலாம் என்கிறான். "கூழ் வடகத்தை வறுத்து எடுத்துக்கினு போனா எத்தனி நாளு நமுக்காம இருக்கும்?" என்பதுதான் மாமியாரின் இப்போதைய கவலை. டப்பாவில் அரிசியைப் போட்டு அதன்மேல் வைத்துப் பார்த்தேன், இரண்டு நாள் தாங்கியது. கடல் காற்றில் அதுவும் தாங்குமா தெரியவில்லை. ராமேஸ்வரம், தூத்துக்குடிப் பக்கத்துச் சகோதரிகளுக்கு இதற்கு ஏதாவது கைவைத்தியம் தெரிந்திருக்கும். தெரிந்தால் இந்தப் பக்கத்துக்கு எழுதுங்களேன்.

— ஒரு வாசகி, அம்பத்தூர்.